நம்பத்தகுந்த மகப்பேறு மருத்துவர் யார்?
(காரோட்டில் மாதர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த எல்லைக் கிராமங்களில் ஒரு பெண் கருவுற்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, எந்த டாக்டரிடம் காட்டுவது என்பதே. பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஒருபுறம், எல்லைக்கு அப்பால் குழித்துறை, ஆசாரிப்பள்ளம் மறுபுறம், நடுவே தனியார் விளம்பரப் பலகைகள். முடிவைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் நாத்தனாரின் அனுபவம். அது தவறன்று, ஆனால் போதாது.

நூறாண்டுகளுக்கு முன் இதே திருவிதாங்கூரில் கேள்வி வேறாக இருந்தது: மருத்துவமனைக்குப் போகலாமா? பெண் என்பதால் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்ட மேரி புன்னன் லூக்கோஸ், வரலாறு பயின்று பட்டம் பெற்று, பின்னர் லண்டன் சென்று மருத்துவம் கற்றார். 1916இல் திரும்பி, தைக்காடு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார். பேறுகாலத்தில் அங்கு வரப் பெண்கள் தயங்கினர். அவர் மருத்துவச்சிகளைப் பகைக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே பயிற்சியளித்தார். தம் முதற்குழந்தையையும் அதே மருத்துவமனையில் ஈன்றார். 1938இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார் என்பதைவிட, பெண்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது அந்தப் பிரசவமாகவே இருக்க வேண்டும்.

இன்று அச்சம் வேறு திசையில் நிற்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளப் பிரசவங்களில் 38.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை, தமிழ்நாட்டில் 44.9. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. கேரளத்திலோ தனியார் 39.9, அரசு 37.2. நமக்கு உவப்பான செய்தியன்று இது. ஆயினும் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனை என்பதாலேயே கத்தி தாழ்ந்துவிடுவதில்லை. மக்கள்தொகை அளவில் பத்து விழுக்காட்டைத் தாண்டிய அறுவை, தாய்சேய் மரணத்தைக் குறைப்பதில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2015இல் கூறியது. எனினும் தேவைப்படும்போது அறுவை உயிர் காப்பது. எனவே அறுவையே செய்யாத மருத்துவரைத் தேட வேண்டாம். ஏன் செய்கிறோம் என்பதை நோயாளியின் மொழியில் சொல்பவரைத் தேட வேண்டும். தமிழில் வலியைச் சொல்லும் பெண்ணை, முடிக்கும்வரை கேட்கிறாரா என்பதே முதற்சோதனை. வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்க விரும்புகிறோம் என்றால் முகம் சுளிக்கிறாரா என்பது அடுத்தது.

மருத்துவரின் இன்முகம் மட்டும் உயிர் காக்காது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய் மரணங்களை, எவரையும் குற்றஞ்சாட்டாமல், இரகசியமாக ஆராய்ந்து வருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு அதில் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அது நேரம் பார்த்து வருவதில்லை, மணிக்கணக்கில் காத்திருப்பதுமில்லை. ஆகவே இரவில் பணியில் இருப்பவர் யார், இரத்தம் எங்கிருந்து வரும், மயக்க மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்று ஏழாம் மாதத்திலேயே கேட்பது மரியாதைக் குறைவாகாது. கேட்கக் கூசும் மருமகளுக்காக மாமியாரே கேட்கலாம்.

மயக்க மருத்துவர் இல்லாத இரவில், எத்துணை நல்ல மருத்துவரும் ஆம்புலன்ஸை அழைக்கவே முடியும். அந்தப் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதை மருத்துவமனை மேலாண்மைக் குழுவில் உள்ள தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்டு, பதிலைக் கிளைகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.