புல்லுக்குள் பதுங்கிய புலி

ஆறேழு வயதுப் பிள்ளையிடம் காடு வரையச் சொன்னால் பெரும்பாலும் என்ன வரும்? அடியில் ஒரு பச்சைக் கோடு, அதன்மேல் வரிசையாக நாலு மரம், மூலையில் சூரியன். புலி மட்டும் தலை முதல் வால்வரை முழுசாக நிற்கும். அந்த வயதுக் கண் அப்படித்தான் பார்க்கும், அதில் தப்பில்லை. பெரியவர்கள் ஒரு மாதிரிப் படத்தைப் போட்டுக்காட்டி, வகுப்பின் முப்பது தாளிலும் அதே காட்டை முளைக்க வைப்பதுதான் தப்பு.

ஹென்றி ரூசோ என்றொரு பிரெஞ்சு ஓவியர், 1844இல் பிறந்தவர். பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலித்த சிற்றூழியர். ஓவியப் பள்ளிக்குப் போனதில்லை, பிரான்ஸைத் தாண்டியதுமில்லை. ஆனாலும் அவர் தீட்டிய காடுகள் உலகப் புகழ் பெற்றவை. பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில் பார்த்த செடிகளைத்தான் மரமளவுக்கு வளர்த்து வரைந்தார்.

நம் பிள்ளைகளுக்குக் கொல்லைப்புறச் சேம்பிலை போதும். ஒன்றைப் பறித்துக் கையில் கொடுத்து, "நீ ஒரு எறும்பு, இது எவ்வளவு பெரிசு?" என்று கேளுங்கள். இலை தாளைத் தாண்டிப் போகும்.

பச்சை வண்ணப் புட்டியை ஒளித்துவையுங்கள். மஞ்சளையும் நீலத்தையும் கொடுங்கள். மஞ்சள் தூக்கலானால் தளிர், நீலம் கூடினால் முற்றிய இலை, துளி சிவப்பு சேர்ந்தால் பச்சை மங்கிப் பழுப்பாகும். இதிலேயே அரை மணி நேரம் போய்விடும். போகட்டும்.

ரூசோ 1891இல் வரைந்த புயல்மழைப் புலி இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மழை அதில் மெல்லிய சாய்கோடுகளாக விழுகிறது. பிள்ளைகள் வெள்ளை க்ரேயானால் சாய்வாக அழுத்திக் கோடு இழுத்து, மேலே நீர்த்த வாட்டர்கலரைப் பூசட்டும். மெழுகில் வண்ணம் ஒட்டாது. மழை தானாகத் தெரியும்.

அந்தப் படத்துப் புலி பாதி உடம்பைப் புல்லுக்குள் மறைத்திருக்கிறது. புலியை வரைந்து காயவிட்டு, அதன்மேல் கெட்டியான போஸ்டர்கலரில் புல் தீட்டச் சொல்லுங்கள். இங்கேதான் மறுப்பார்கள். பாடுபட்டு வரைந்த புலியை யார் மறைப்பார்கள்? வற்புறுத்தாதீர்கள். "மான் வருது, புலியைப் பார்த்துடப் போகுது!" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களே அவசரமாகப் புல்லைப் போர்த்துவார்கள்.

புலி நீலமாக இருந்தால் திருத்த வேண்டாம். அது ராத்திரி என்ன சாப்பிடும் என்று கேளுங்கள்; சொல்கிற பதிலைத் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதிவையுங்கள்.