முறுக்கு போற வழி

தீபாவளி சந்தோஷம் வீட்டுக்குள்ளதான்னு பேச வந்திருக்கேன். தாம்பரத்துல ஐப்பசி மழை. அம்மா நடுராத்திரி வரைக்கும் முறுக்குப் பிழியறாங்க. மகன் பத்து முறுக்கைப் பொட்டலம் கட்டறான். "ஃப்ரெண்டுக்கும்மா!" அம்மாவுக்கு ஒரே பெருமை. பொட்டலம் போய்ச் சேர்ற இடம், 2003-ல சில்லறை வியாபாரத்தை அரசே எடுத்துக்கிட்ட டாஸ்மாக்! (கைதட்டல்) அங்கே முறுக்குக்குப் பேரு சைடு டிஷ்.

"பீர்தானே, கூல்டிரிங்க் மாதிரி"ங்கறார் எதிரணி நண்பர். ஐயா, 650 மில்லி பாட்டில்ல 5 சதவீதம்னாலே 32 மில்லி சாராயம்! முறுக்கு உப்புக்குத் தாகம் எடுக்கும். அடுத்த பாட்டில் தானா வரும்.

விடிஞ்சா தீபாவளி. எண்ணெய் தேய்ச்சுக்கக்கூட எழுந்திருக்க முடியாம படுத்திருக்கான். அம்மா லேகியத்தோட வந்து கேக்கறாங்க: "ஏம்ப்பா, முறுக்கு ஒத்துக்கலையா?"