நாய்க்குக் கற்பிக்கத்தக்க மூன்று சொற்கள்



நாய்க்குப் பழக்கும் வித்தைகள் வேடிக்கைக்கு மட்டும் உரியனவல்ல. 'கை தா' என்றதும் பாதத்தை நீட்டப் பழக்குங்கள். மொன்றியலின் குளிர்கால நடைபாதைகளில் தூவப்படும் உப்பு பாதங்களைப் புண்ணாக்கும். வீடு திரும்பியதும் இளஞ்சூட்டு நீரில் கழுவ நாய் இணங்கும். 'விடு' என்றதும் கவ்வியதை விடுமாயின், அதற்கு நஞ்சாகும் சொக்லேட்டிலிருந்து தப்பும். 'இரு' என்றதும் அமருமாயின், நாய்க்கு அஞ்சும் முதியோரும் சிறுவரும் அமைதியாகக் கடந்து செல்வர்.

நன்கு பழகிய நாயாயினும், கியூபெக் ஒழுங்குவிதிப்படி, நாய்ப் பூங்கா போன்றவை தவிர்ந்த பொது இடங்களில் வார் 1.85 மீட்டருக்கு மேற்படலாகாது. 20 கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ள நாய்க்கு மார்புப்பட்டை அல்லது முகவாரும் வேண்டும்.

வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். சொன்னதைச் செய்தவுடன் சிறு தின்பண்டம் கொடுங்கள். தமிழிலேயே சொல்லலாம், நாய்களுக்கு மொழிச் சட்டம் இல்லை.