வெட்டினால் மட்டும் போதாது! மண்ணையும் மீட்டுக் கொடு!

(கண்மாய்ப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி நாம மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. பொக்லைன் வந்தது, மரம் லாரியில் ஏறிப் போனது. இப்போ அந்த இடத்தைப் போய்ப் பாருங்க. வெட்டின கட்டை தழைஞ்சு நிற்குது. இடைவெளி பூராவும் வெள்ளை வெள்ளையாப் பூத்து பார்த்தீனியம் நிற்குது. ஒரு சனியன் போய் இரண்டு சனியன்!

இது தற்செயல் இல்லை. காரணம் மண்ணுக்குள்ளே இருக்கு.

சீமைக்கருவேலம் அவரை, துவரை வகையறாதான். வேர்முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடிச்சுக் கொடுக்குது. இருபது, முப்பது வருஷமா இலையும் நெத்தும் விழுந்து மக்கி, மரத்தடி மண்ணில் சத்து சேர்ந்து கிடக்கு. மரம் நிற்கிற வரைக்கும் நிழலாலும் தண்ணியை உறிஞ்சியும் மற்ற செடியை அது அமுக்கி வைக்கும். மரத்தை வெட்டியதும் வெயில் உள்ளே விழுது. சோத்தை வடிச்சு வச்சுட்டு கதவைத் திறந்து போட்டுட்டுப் போன வீடு மாதிரிதான். முதலில் ஓடி வர்றவன் சாப்பிடுவான்.

ஓடி வர்றதில் பார்த்தீனியத்தை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு செடியே 15,000 விதைக்கு மேலே போடும். ஒரு மழை பெய்தால் முளைச்சு, ஒரு மாசத்திலே பூத்துடும். தழைச்சத்து கிடைச்சால் இடுப்பளவு வளரும். நம்ம புல்லு பூண்டு மெதுவாத்தான் வரும். களை எடுக்காமல் யூரியா போட்டால் முதலில் எது கொழுக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

ஆக, சும்மா கிடக்கிற சத்தை நமக்கு வேண்டிய பயிர் சாப்பிடணும். கட்டையைத் தரை மட்டத்தில் அறுத்துட்டுப் போகக் கூடாது. ஒரு அடி ஆழத்துக்குக் கீழே வேரோடு பறிக்கணும். பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும் முதல் மழைக்கே தீவனச் சோளம், கம்பை நெருக்கி விதைக்கணும், கரையில் கொழுக்கட்டைப் புல் போடணும். அதுங்க சத்தையும் தின்னும், நிழல் கட்டி பார்த்தீனியத்தையும் அமுக்கும். தப்பி வர்றதைப் பூக்கும் முன்னே பிடுங்கணும். வெறுங்கையால் வேண்டாம், அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். கண்மாய் உள்வாயில் கிடக்கிற சத்தான வண்டல் நம்ம வயலுக்கு வரணும். அதுவும் பார்த்தீனியம் விதை கொட்டும் முன்னே வரணும். பிந்தினால் வண்டலோட களையையும் வயலுக்கு ஏற்றின கதைதான்.

இந்த மரத்து விறகில் நாமளும் சோறாக்கியிருக்கோம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் நம்ம ஜனம்தான். அதனால் பறிக்கிற வேலையும் கூலியும் அவங்களுக்கு முதலில் கிடைக்கணும்.

2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே சூழல் மீட்பும் சேர்ந்து இருக்கு. நாமளும் அதைத்தானே கேட்கிறோம்? மரம் ஏலம் போன காசில் ஒரு பங்கை அந்தக் கண்மாய்க்கே ஒதுக்கு! ஏலம் எடுத்தவன் மூணு வருஷத்துக்குத் தழைவையும் களையையும் எடுத்துத் தர ஒப்பந்தத்திலேயே எழுது! விதைச் சோளமும் புல் விதையும் இலவசமாகக் கொடு! வண்டல் எடுக்கும் அனுமதிக்கு விவசாயியை அலைய விடாதே!

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்துடுங்க. வரும்போது அவங்கவங்க கண்மாயில் இருந்து பூக்காத பார்த்தீனியச் செடி ஒண்ணை வேரோடு பிடுங்கி, பையில் கட்டிக் கொண்டு வாங்க. மனுவோட சேர்த்துக் கொடுப்போம்.