ஊரைச் சுற்றிப் போகும் ரோடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பைபாஸ் என்றாலே ஊரில் இரண்டு கட்சி. 'லாரித் தொல்லை விட்டுதுடா சாமி' என்பது ஒன்று. 'இனிமே கடைக்கு எவன் வருவான்' என்பது மற்றொன்று. நிலம் போகிறவர் மட்டும் ஓரமாகப் பேசாமல் நிற்பார். அவருக்காகத்தான் இந்த நாலு வார்த்தை.

நம் கம்மாபுரத்துக்குக் கிழக்கே, சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் ரோட்டை எல்லோரும் அறிவீர்கள். பழைய எண் 45சி, இப்போது 36. சுமார் 165 கிலோமீட்டர். அதை நான்கு வழியாக்கும்போது பண்ருட்டி, கும்பகோணம் போன்ற ஊர்களைச் சுற்றிப் புறவழி தேவைப்பட்டது. புறவழி என்றால் வயல்வழி என்று அர்த்தம்!

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி. முதலில் 3ஏ அறிவிப்பு. அதன் சாரம் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் வர வேண்டும்; ஒன்று வட்டார மொழியில். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கலாம். நேரில் போய்ச் சொல்லவும் உரிமை உண்டு. அப்புறம் 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுடையது. அதன்பின் தொகையைப் பற்றித்தான் பேசலாம், ரோடு போகும் தடத்தைப் பற்றி அல்ல. நம்மவர்கள் அளவுக்கல் நட்ட பிறகுதான் மனு எழுத உட்காருகிறார்கள்!

தொகை விஷயம். நிலமதிப்புக்கு மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. அந்த இழப்பீட்டு முறை 2015 முதல் நெடுஞ்சாலைக்கும் பொருந்துகிறது. ஆனால் மதிப்பைக் கணக்கிடும்போது அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களையும் பார்ப்பார்கள். முத்திரைச் செலவு மிச்சம்னு விலையைக் குறைத்து எழுதியவர்கள் அன்றைக்குக் கையைப் பிசைவார்கள். தொகை போதாது என்றால் நடுவரிடம் முறையிடலாம்.

இன்னொன்று, தண்ணீர். நம் பக்கம் சமதரை, நெல் வயல். மேடு போட்ட ரோடு குறுக்கே வந்தால் வடிகால் அடைபடும். எந்த வாய்க்கால் எங்கே பாய்கிறது என்பது வரைபடத்தைவிட விவசாயிக்கு நன்றாகத் தெரியும். அந்த 21 நாளில் அதையும் எழுதிக் கொடுங்கள். கல்வெர்ட்டு எங்கே வேண்டும் என்பதை ரோடு போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

மாணவச் செல்வங்களே, அறிவிப்பு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சர்வே எண்ணைச் சரிபார்த்து மனு எழுதிக் கொடுங்கள். படித்த படிப்புக்கு ஊர் கேட்கும் வட்டி அவ்வளவுதான்.