நடுவர் பார்க்காத இடம்

(பழைய மாணவர் சங்கப் பொன்விழாச் சந்திப்பில், 1972–75 இயற்பியல் வகுப்பைச் சேர்ந்த அன்பர் ஆற்றிய உரை)



"அமெரிக்க அனுபவங்கள்னு பதினைந்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் ஃபோனில் சொன்னார். பனி, வீட்டுக் கடன், மகனுக்குத் தமிழ் வராதது, இதையெல்லாம் போன சந்திப்பிலேயே நாலு பேர் பேசிவிட்டார்கள். அதனால் நான் அங்கே நாற்பது வருஷத்துக்கும் மேலாகப் பார்த்த ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். விளையாட்டைப் பற்றி என்பதை விட, அதில் நடந்த திருட்டுத்தனத்தைப் பற்றி.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர். ஆனால் பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். பந்து உருண்டையாகவும் இருக்காது. இரண்டு பக்கமும் கூராக, உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை நான் சொல்றேன்.

நான் போய்ச் சேர்ந்தது 1979-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். அந்த ஊர் அணிக்குப் பேட்ரியாட்ஸ் என்று பெயர். 1982 டிசம்பர் 12-ம் தேதி, மியாமி டால்ஃபின்ஸ் அணியோடு ஆட்டம். தரை முழுக்கப் பனி. கடைசிக் கால் பகுதி வரை இரண்டு பேரும் ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை. பேட்ரியாட்ஸ் பந்தைத் தரையில் வைத்து, கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கணும். கால் ஊன்ற இடமில்லை. அப்போது அணியின் பயிற்சியாளர், மைதானக் கோடுகளைத் துடைக்க நிறுத்தி வைத்திருந்த டிராக்டரைக் கூப்பிட்டார். டிராக்டர் கோட்டைத் துடைப்பது போல வந்து, கொஞ்சம் வளைந்து, பந்து வைக்கிற இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போய்விட்டது. உதைத்தார்கள். 3–0 வெற்றி.

டிராக்டர் ஓட்டியவர் யார் தெரியுமா? பகல் நேர வேலைக்கு வெளியே அனுப்பப்பட்ட ஒரு சிறைக் கைதி. "என்ன செய்வாங்க, என்னை ஜெயில்ல போட்டுடுவாங்களா?" என்று அவர் பிற்பாடு கேட்டதாகச் சொல்வார்கள். மியாமி பயிற்சியாளர் டான் ஷூலா முறையிட்டுப் பார்த்தார். செய்தது நியாயமில்லைதான், ஆனால் ஆட்டத்தின் முடிவை மாற்ற முடியாது என்று கமிஷனர் சொல்லிவிட்டார். மறுநாள் எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம்ம ஊர் அணி ஜெயித்தால் சிரிப்பு தானாக வரும் இல்லீங்களா?

நான் போவதற்கு முந்தின வருஷம், 1978 செப்டம்பர் 10-ல் இன்னொரு வேடிக்கை. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி 20–14 என்று பின்தங்கி இருக்கிறது. மிச்சம் 10 விநாடி. பந்து வைத்திருந்த கென் ஸ்டேப்ளரை எதிராளி பிடித்து இழுக்கிறான். அவர் பந்தை 'தவறி' முன்னால் விடுகிறார். இன்னொருத்தர் அதைத் தட்டி விடுகிறார். மூன்றாமவர் காலால் தள்ளிக் கொண்டே போய் எல்லைக்குள் அதன் மேல் விழுகிறார். ரெய்டர்ஸ் 21–20. வேண்டுமென்றே தான் விட்டேன் என்று ஸ்டேப்ளரே பிறகு ஒப்புக் கொண்டார். அடுத்த வருஷம் விதியை மாற்றினார்கள். கடைசி இரண்டு நிமிஷத்தில் பந்தைத் தவற விட்டவரே எடுத்தால்தான் முன்னேற முடியும் என்று.

இதெல்லாம் பழைய காலத்துக் குறும்பு. பணம் பெருகப் பெருகக் குறும்பு தொழிலாக மாறியது.

2007 செப்டம்பர் 9. அதே பேட்ரியாட்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் அணியோடு ஆட்டம். எதிரணிப் பயிற்சியாளர்கள் கைச்சாடை காட்டித்தான் தடுப்பாட்டக்காரர்களுக்கு உத்தரவு கொடுப்பார்கள். அந்தச் சாடைகளைப் பேட்ரியாட்ஸ் ஆள் ஒருவர் மைதான ஓரத்தில் நின்று வீடியோ எடுத்தார். பிடித்துவிட்டார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாடையைக் கண்ணால் பார்த்துப் புரிந்து கொள்வது குற்றமில்லை. கேமராவால் அங்கிருந்து எடுப்பதுதான் குற்றம். கூடாது என்று முந்தின வருஷமே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். விதியை நான் வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக் கொண்டேன் என்றார் பயிற்சியாளர் பில் பெலிச்சிக். அவருக்கு அபராதம் 5 லட்சம் டாலர், அணிக்கு 2½ லட்சம். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் மறு வருஷத்து முதல் சுற்று வாய்ப்பும் போயிற்று. கைப்பற்றின டேப்புகளைச் சங்கமே அழித்துவிட்டது. ஏன் அழித்தீர்கள் என்று ஒரு செனட்டர் கேட்கிற அளவுக்குப் போனது. 2008-ல் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் தலைக்கவசத்திலும் ரேடியோ வைக்க அனுமதி தந்தார்கள். சாடைக்கு அவ்வளவாக வேலையில்லாமல் போனது.

அடுத்தது நம்ம பேராசிரியர் ஐயாவுக்குப் பிடித்த விஷயம். பந்தின் காற்று!

2015 ஜனவரி 18. பேட்ரியாட்ஸ், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை 45–7 என்று நசுக்கிய ஆட்டம். பந்துக்குள் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு இருக்கணும் என்பது விதி. இடைவேளையில் அளந்து பார்த்தால் பேட்ரியாட்ஸ் பந்துகளில் குறைவாக இருந்தது. காற்று குறைந்தால் ஈரத்தில் பிடிக்க எளிது. 2006-லிருந்து அவரவர் பந்தை அவரவரே தயார் செய்து கொள்ள அனுமதி உண்டு. சோதனை முடிந்த பந்துப் பைகளோடு பேட்ரியாட்ஸ் ஊழியர் ஒருவர் கழிவறைக்குள் போய் 1 நிமிடம் 40 விநாடி இருந்தது கேமராவில் பதிவாகி இருந்தது.

என் பேரன் அப்போது சின்னப் பையன். டாம் பிரேடி என்றால் அவனுக்கு உயிர். "தாத்தா, குளிர்ல பந்து தானா சுருங்கும்ல?" என்று ஓடி வந்தான். எனக்கு உடனே ஐயாவின் செய்முறை வகுப்பு ஞாபகம் வந்தது. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். அறையில் 22 டிகிரி, மைதானத்தில் 9 டிகிரி என்று வையுங்கள். பந்தின் 12.5-ஓடு வெளிக்காற்றின் 14.7-ஐக் கூட்டினால் 27.2. கெல்வின் கணக்கில் 295-லிருந்து 282-க்கு இறங்கினால் அது 26 ஆகும். வெளிக்காற்றைக் கழித்தால் 11.3. ஆக, யாருமே தொடாமல் ஒரு பவுண்டுக்கு மேல் குறையும்! பேரன் துள்ளிக் குதித்தான்.

ஆனால் இயற்பியல் மட்டுமே முழுக் காரணமாக இருக்க முடியாது என்றது சங்கம் நியமித்த விசாரணை அறிக்கை. அதை மறுத்த விஞ்ஞானிகளும் உண்டு. ஊழியர்களுக்குள் ஓடிய செய்திகளில் ஒருவர் தன்னையே 'காற்றிறக்குகிறவன்' என்று சொல்லிக் கொண்டிருந்தார். பிரேடி தன் பழைய செல்ஃபோனை அழிக்கச் செய்திருந்தார். அவருக்கு 4 ஆட்டம் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம். 2015 செப்டம்பரில் ஒரு நீதிபதி தடையை நீக்கினார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்று மறுபடி விதித்தது. பிரேடி தடையை அனுபவித்து முடித்து, அதே பருவத்தில் சூப்பர் பவுலையும் ஜெயித்தார். இன்னொன்றும் சொல்லணும். அந்த 45–7 ஆட்டத்தில் இடைவேளையில் 17–7. சரியான காற்றோடு விளையாடின பிற்பாதியில்தான் 28 புள்ளி எடுத்தார்கள். தேவையே இல்லாத தப்பு என்றால் இதுதான், செய்திருந்தால்!

இதையெல்லாம் விடக் கேவலமானது ஒன்று உண்டு. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் 2009-லிருந்து 2011 வரை எதிராளியைக் காயப்படுத்தினால் பணம் கொடுத்தார்கள். அடி வாங்கினவனைத் தூக்கிக் கொண்டு போகிற நிலை வந்தால் 1,000 டாலர். திரும்பி வர முடியாதபடி அடித்தால் 1,500 டாலர். தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு 2012 பருவம் முழுவதும் தடை. ஆட்டக்காரர்கள் நால்வருக்கும் தடை விதித்தார்கள். ஆனால் பெரும் தவறு பயிற்சியாளர்கள், நிர்வாகத்தினுடையது என்று சொல்லி, முன்னாள் கமிஷனர் பால் டேக்லியாபு மேல்முறையீட்டில் அதை ரத்து செய்தார். பந்தில் காற்றைக் குறைப்பது ஏமாற்று. கூட விளையாட வந்தவனின் முழங்காலுக்கு விலை வைப்பதை என்னவென்று சொல்றது?

பேரன் ஒரு நாள் கேட்டான்: "தாத்தா, ரெஃப்ரி பார்க்கலேன்னா அது தப்பா?"

அவனுக்குப் பதிலாக ஒரு கதை சொன்னேன். அது தொழில்முறை ஆட்டத்துக் கதை இல்லை, கல்லூரிக் கதை. 1940 நவம்பர் 16. கார்னெல், டார்ட்மத் பல்கலைக்கழகங்கள் மோதின. கார்னெல் அந்தப் பருவத்தில் தோல்வியே காணாத அணி. அன்று 3–0 என்று பின்தங்கி இருந்தது. கடைசி விநாடிகளில் நடுவர் எண்ணிக்கை தவறி, நாலுக்குப் பதில் ஐந்தாவது வாய்ப்புக் கொடுத்துவிட்டார். அந்த ஐந்தாவதில் கார்னெல் 7–3 என்று ஜெயித்தது. பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். தப்பு தெரிந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கார்னெல் தந்தி அடித்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. டார்ட்மத் ஏற்றுக் கொண்டது. இன்றும் ஏட்டில் டார்ட்மத் 3, கார்னெல் 0.

சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 1990-ல் அதே தப்பு நடந்தது. கொலராடோ அணி ஐந்தாவது வாய்ப்பில் மிசௌரியை 33–31 என்று வென்றது. திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வருஷம் தேசிய முதலிடத்தையும் பகிர்ந்து கொண்டது.

பேரன் யோசித்தான். பிறகு கேட்டான்: "நீங்க விளையாடி இருக்கீங்களா தாத்தா? நீங்க எப்பவும் கரெக்டா?" நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். அவனுக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

1974, கல்லூரிகளுக்கு இடையிலான கபடி இறுதி ஆட்டம். நம்ம அணி ஒரு புள்ளி முன்னிலை. கடைசிப் பாட்டு. பாடி வந்தவன் ஒல்லியான பையன். திரும்பும்போது அவன் கால் பெருவிரல் என் கணுக்காலில் பட்டது. நன்றாகப் பட்டது. "டச், டச்" என்று கத்தினான். நடுவர் அந்தப் பக்கம் இருந்தார், பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். விசில் ஊதியாயிற்று. நம்ம பசங்க என்னைத் தூக்கிக் கொண்டு ஆடினார்கள். அந்தப் பையன் கோட்டுப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக் கொண்டிருந்தான். திட்டவில்லை. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தப் புள்ளியைக் கொடுத்திருந்தால் சமநிலைதான். தோற்றிருப்போம் என்று சொல்ல முடியாது. அது தெரியாமலே போய்விட்டது, அதுதான் நான் செய்த திருட்டு.

இன்று காலையில் உடற்கல்வி அறையில் கண்ணாடி அலமாரிக்குள் அந்தக் கோப்பையைப் பார்த்தேன். கோப்பை ஏழு பேருக்குச் சொந்தம். நான் ஒருத்தன் திருப்பிக் கொடு என்று சொல்ல முடியாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் அணி நண்பர்களே, உங்கள் சந்தோஷத்தில் ஐம்பது வருஷம் கழித்து மண்ணைப் போடுகிறேன், மன்னிக்கணும். சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடிக்கு வாங்க. என்ன செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்லணும்.

பின்குறிப்பு: இந்த உரையை மலருக்காக எழுதித் தரும்போது சில வரிகள் சேர்க்கிறேன். ஏழு பேரில் இருவர் காலமாகிவிட்டார்கள். ஐந்து பேர் மரத்தடியில் உட்கார்ந்தோம். எனக்கு வலப்பக்கம் நின்று ஆடினவன் முதலில் வாயைத் திறந்தான்: "டேய், எனக்கு அப்பவே தெரியும்டா. உன் பக்கத்துலதானே நின்னேன்." ஐம்பது வருஷமாக அவனும் சுமந்திருக்கிறான். அந்தக் கல்லூரிக்கு ஐவரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பி இருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. பேரனுக்கு நான் ஃபோனில் சொல்லிவிட்டேன்.