தமிழில் பேசும் மூளைக்கருவி



கலிபோர்னியாவில் ஒருவருக்கு ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய். நாக்கும் உதடும் ஒத்துழைக்கவில்லை. அறிவு மட்டும் தெளிவாக இருக்கிறது. டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் பேச்சை இயக்கும் மூளைப்பகுதியில் 256 மின்முனைகளைப் பதித்தார்கள். அவர் பேச முயன்றால் போதும். நரம்புத் துடிப்புகளைக் கணினி வாங்கிக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவு அவற்றை ஒலிகளாக்கி, ஒலிகளைச் சொல்லாக்கி, நோய்க்கு முன்பு அவருக்கிருந்த குரலிலேயே பேசுகிறது. நூற்றுக்கு 97 சொற்கள் சரியாக வந்தன. இது 2024இல் வெளியான ஆய்வு.

அதே நோய் இங்கே நம் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் ஒருவருக்கு வந்தால்? அந்தக் கருவி அவருக்கு உதவாது. அதற்குத் தெரிந்தவை ஆங்கிலத்தின் ஒலிகளும், 1,25,000 ஆங்கிலச் சொற்களும்தான். நம் ழகரம் அதற்குத் தெரியாது. தமிழுக்குச் சொற்பட்டியல் போட்டும் முடியாது, ஐயா! ‘வந்துட்டிருந்தவங்ககிட்டேருந்து’ என்பதை நாம் ஒரே மூச்சில், ஒரே சொல்லாகச் சொல்கிறோம். ஒரு வினையடியிலிருந்து இப்படி எத்தனை எத்தனை வடிவங்கள்!

அதிலும் எந்தத் தமிழ்? படுக்கையில் கிடக்கும் தகப்பன் மகளிடம் பாடப்புத்தகத் தமிழிலா பேசுவான்? கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பேச்சு அந்தக் கருவிக்குப் புரிய வேண்டும். அதைப் பதிவு செய்யாமல் எப்படிப் புரியும்?

மூளைக்குள் கம்பி போனால் மனசு களவு போகுமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். ஒருவர் சம்மதமில்லாமல் அவருக்கு மூளைப் பதிவுச் சோதனை செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு குற்ற விசாரணைக்கு உள்ளாகிறவர்களுக்காக வந்தது. நோயாளிகளுக்கும் அதே காவல் சட்டமாக வர வேண்டும்.

அறிஞர் பெருமக்களே, 41 செவ்வியல் நூல்களைப் பேணும் செம்மொழி நிறுவனம் இந்த ஊரில் இருக்கிறது. இந்திய மொழிகளைக் கணினிக்குக் கற்பிக்கும் ஏஐ4பாரத் குழு கிண்டி ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. இரண்டும் கைகோக்க வேண்டும். இந்தக் குடியிருப்புகளின் பேச்சை, அவரவர் சம்மதத்தோடு, கூலி கொடுத்துப் பதிவு செய்யுங்கள். நோய் கண்டவர்களின் குரலை, அது போகும் முன்பே சேமித்துவையுங்கள். இதை இந்த மேடையிலேயே தீர்மானமாக முன்மொழிகிறேன், வழிமொழிய எழுந்திருங்கள்.